கரும்புள்ளி பெருகினால் சூரியன் மங்காதா?

அன்புள்ள வாசகருக்கு,

கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில்தான் சூரியன் கூடுதலாக ஒளிர்கிறது என்று எழுதியதை நம்ப முடியவில்லை என்கிறீர்கள். நியாயமான சந்தேகம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சார்ல்ஸ் கிரீலி ஆபட் பல பத்தாண்டுகள் மலையுச்சிகளிலிருந்து அளந்தும் வளிமண்டலம் குறுக்கே நின்றது. 1978 இறுதியில் செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய பிறகே விஷயம் தெளிந்தது.

சில நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வதே நடக்கிறது. 2003 அக்டோபர் கடைசியில் பெரும் புள்ளிக்கூட்டங்கள் நம் பக்கம் திரும்பியபோது, பூமிக்கு வரும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 0.3 விழுக்காடு குறைந்தது. புள்ளியில் உள்ள வலிய காந்தப்புலம், அடியிலிருந்து கொதித்தெழும் வாயுவை மேலே வரவிடாது. சுற்றுப்புறம் சுமார் 5,800 கெல்வின்; புள்ளியின் நடுவே 4,000 அளவுதான்.

ஆனால் காந்தம் புள்ளிகளோடு நின்றுவிடுவதில்லை. அவற்றைச் சுற்றியும், அவை கலைந்த இடங்களிலும், 100, 200 கிலோமீட்டர் அகலமே உள்ள மெல்லிய காந்தக் குழாய்கள் சிதறிக் கிடக்கின்றன. குழாய்க்குள் காந்த அழுத்தம் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவதால் வாயுவின் அடர்த்தி குறைவு. பார்வை ஆழம்வரை இறங்கும். கிணற்றைச் சற்றுத் தள்ளி நின்று எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியாது, எதிர்ச்சுவர்தான் தெரியும். இங்கே அந்தச் சுவர் தகதகக்கும் வாயு! அகன்ற புள்ளியின் நடுவுக்குச் சுவரின் வெப்பம் எட்டாது, ஒடுங்கிய குழாய்க்கு எட்டிவிடும். சாய்வாகப் பார்க்க நேரும் சூரிய விளிம்போரத்தில் இவை ஒளித்திட்டுகளாக நன்றாகத் தெரிவது இதனால்தான்.

தனித்தனியே அற்பம். ஆனால் பரப்பும் ஆயுளும் புள்ளிகளைவிட அதிகம். 11 ஆண்டுச் சுழற்சியைக் கூட்டிக் கழித்தால் இவைதான் மிஞ்சுகின்றன: சதுர மீட்டருக்கு 1,361 வாட் என்ற அளவில் சுமார் 0.1 விழுக்காடு ஏற்றம். (இதைக் காட்டிப் புவி வெப்பமாதலுக்குச் சூரியன்மேல் பழிபோடுவோர் இருக்கிறார்கள். 1978 முதல் சூரியன் ஏறி இறங்குகிறதே தவிர, ஏறிக்கொண்டே போகவில்லை. பூமியின் வெப்பநிலைதான் அப்படிப் போகிறது.)

அதற்கு முந்தைய காலத்தைக் கணிக்கக் கொடைக்கானல் ஆய்வகம் கைகொடுக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலிருந்து அங்கே கால்சியம் ஒளியில் சூரியனைப் படமெடுத்தார்கள். அந்த ஒளியில் காந்தத் திட்டுகள் பளிச்சென்று தெரியும். கண்ணாடித் தகடுகளிலும் ஃபிலிமிலும் இருந்த அப்படங்கள் இன்று கணினிக்கு வந்துவிட்டன.

இன்னொன்று. சூரியனைப் போன்றவை, ஆனால் வயதில் இளையவை, காந்தத் துடிப்பு மிகுந்தவை என்று சில விண்மீன்கள் உண்டு. துடிப்பு கூடும்போது அவை மங்கவே செய்கின்றன. அங்கே புள்ளிகளின் கை ஓங்கிவிடுகிறது. நம் சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டு. அதன் இளமையில் உங்கள் கணக்கே சரியாக இருந்திருக்கும் போலும்.

அன்புடன்