கழிவுநீரில் விளைந்த கீரை கூடுமா?

ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் ஒரு நாள் அஸர் தொழுகையை முடித்துவிட்டு நாம் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஐம்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி உட்கார்ந்தார். ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டு வருபவர் அவர்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். ஏரித் தண்ணி முந்தி மாதிரி வர்றதில்லே. ஹாஸ்டலுங்க, லாட்ஜுங்க விடுற தண்ணிதான் கால்வாயிலே ஓடுது. அதைத்தான் மோட்டார் வெச்சுப் பாய்ச்சுறேன். அந்தக் கீரை கூடுமா, கூடாதா? அதை வித்த காசு ஹலாலா?"

மதரஸாவில் ஓதிய காலத்தில் நாம் பாடமாகவே படித்த மஸ்அலாதான். உடனே விடை சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் நாம் ஒன்று கேட்டு வைத்தோம்: "உங்க வீட்டிலே அந்தக் கீரையைச் சமைக்கிறீங்களா, பாய்?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இல்லே ஹஜ்ரத். பேரப் புள்ளைங்க இருக்குதுங்க" என்றார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி. அவருடைய அடுப்பங்கரை கேட்டது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் காலங்காலமாக ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த பூமி. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிந்து, பலவற்றின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்ச் சேரும். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து ஆலைகள் பெருகின. ஆலைகளுக்குப் பின்னே ஆயிரக்கணக்கான வாலிபரும் பெண்மக்களும் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் தங்க விடுதிகள் எழுந்தன. பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் விடுதிகளின் கழிவு தாழ்வான இடம் தேடி ஓடத்தானே செய்யும்? ஏரிக் கால்வாய்தான் தாழ்வான இடம்.

முதலில் மார்க்கச் சட்டத்தைப் பார்ப்போம். நஜீஸ் கலந்து நிறமோ, ருசியோ, வாடையோ மாறிவிட்ட தண்ணீர் நஜீஸ் என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இல்லை. அது எவ்வளவு அதிகமாக இருந்தாலும் சரியே. அந்தக் கால்வாய் நீரில் உளூச் செய்யக் கூடாது. ஆனால் அந்த நீரை உறிஞ்சி வளர்ந்த செடி நஜீஸாகுமா? ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அல்மஜ்மூஃ என்னும் நூலில் இதை விளக்குகிறார்கள். அசுத்தத்தில் முளைத்த பயிர் தன்னளவில் நஜீஸ் அல்ல, அசுத்தம் மேலே பட்டதால் வந்த அழுக்கு மட்டுமே உண்டு, கழுவினால் சுத்தமாகிவிடும், கதிர் விட்டு வெளிவரும் தானியமோ சுத்தமானதே என்பது அதன் கருத்து. ஹனபீ, மாலிகீ மத்ஹபுகளின் போக்கும் ஏறத்தாழ இதுவே. ஹன்பலீ மத்ஹபினர் மட்டும் கடினமான பக்கத்தில் நிற்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் நிலங்களைக் குத்தகைக்கு விட்டபோது மனிதக் கழிவை எருவாக இடக்கூடாது என்று நிபந்தனை போட்டதாக இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் அறிவிப்பை அவர்கள் ஆதாரம் காட்டுவார்கள். அவர்களிடத்திலும் வழி அடைபட்டுப் போகவில்லை. பிறகு நல்ல தண்ணீர் பாய்ச்சப்பட்டால் அந்தப் பயிர் சுத்தமாகிவிடும்.

ஆகவே, கழுவிய கீரை கூடும். அதை விற்ற விற்பனையும் செல்லும். பெரியவரின் கேள்விக்கு விடை இதுதான்.

அவருடைய அடுப்பங்கரையின் கேள்விக்கு இது விடையாகுமா? ஆகாது. வல்ல அல்லாஹ் பகரா சூராவின் 168-ஆம் ஆயத்தில் ஹலால் என்ற சொல்லோடு தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே வைத்திருக்கிறான். ஒரு பொருள் தாஹிராக இருக்கலாம்; அதே நேரம் உடலுக்குக் கேடாகவும் இருக்கலாம். மண் தாஹிர்தான், அதற்காக யாரும் மண்ணைத் தின்பதில்லை. கேடு விளைவிக்கும் என்று தெரிந்த பொருளை உண்ணக் கூடாது என்பதும் பிக்ஹுச் சட்டமே. மேலே சொன்ன தீர்ப்பைப் பாதியோடு எடுத்துக்கொண்டு, கழுவினால் போதும் என்று சொல்லிவிடுவது நம் போன்றவர்களிடம் உள்ள குறை.

விடுதிக் கழிவில் இருப்பது பெரும்பாலும் கிருமிகளும் புழு முட்டைகளும். உருண்டைப் புழுவின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். இலையில் ஒட்டிக்கொண்டு வரும். கொக்கிப் புழு வாய் வழியாக வரக் காத்திருப்பதில்லை. வெறுங்காலோடு சேற்றில் நிற்பவரின் பாதத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் இரத்தத்தைக் குடிக்கும். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை ஆகியவையும் இந்த நீரில் வரக்கூடியவையே. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் சாந்தியாகோ நகரைச் சுற்றிச் சாக்கடை நீரில் காய்கறி பயிரிட்டு வந்தார்கள். அந்நகரில் டைபாய்டு ஓயவே இல்லை. 1991-இல் காலரா வந்து பயமுறுத்தியபோது, பச்சையாக உண்ணும் காய்களுக்கு அந்த நீரைப் பாய்ச்சுவதை அரசு தடுத்தது. காலராவுக்காகப் போட்ட தடையில் டைபாய்டும் மளமளவென்று குறைந்துபோயிற்று.

பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வரம்பு கட்டியது. 2006-இல் அது வெளியிட்ட விரிவான நெறிமுறைகளின் கணக்குப்படி, நல்ல தண்ணீரில் கழுவினால் கிருமிகளில் பத்தில் ஒன்பது பங்கு போகும். வேகவைத்தால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும். அறுவடைக்கு முன் சில நாட்கள் அந்த நீரை நிறுத்திவிட்டால் வெயிலும் காற்றுமே பெருமளவு கிருமிகளைக் கொன்றுவிடும் என்றும் அது சொல்கிறது. ஹன்பலீ இமாம்கள் நல்ல தண்ணீர் பாய்ச்சச் சொன்னது நினைவுக்கு வருகிறதல்லவா?

தாய்மார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீரையை நாம் கடைந்தோ பொரித்தோதான் உண்கிறோம். அதில் ஆபத்து குறைவு. நோன்புக் கஞ்சியை இறக்கிய பின் மேலே தூவும் மல்லித்தழை, பிரியாணிக்குத் தயிர் வெங்காயத்தில் கிள்ளிப்போடும் புதினா, பச்சையாக அரைக்கும் துவையல் இவைதாம் வேகாமல் உள்ளே போகின்றன. வேரை அறுத்தெறிந்துவிட்டு, தழையைப் பிரித்து, தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை அலச வேண்டும். கஞ்சிக்குள்ளேயே மல்லித்தழையைப் போட்டு ஒரு கொதி விட்டால் இன்னும் நல்லது. மணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இதுவரை சொன்னது கழுவினாலோ வேகவைத்தாலோ போகும் அழுக்கு. இரண்டுக்கும் போகாதது ஒன்று உண்டு.

ஜப்பானில் தொயாமா மாநிலத்தில் ஜின்சூ என்றொரு ஆறு. சுரங்கத்தின் கழிவு கலந்த அதன் நீரை நெல்லுக்குப் பாய்ச்சினார்கள். நீரில் இருந்த காட்மியம் என்ற உலோகம் வேர் வழியே ஏறி அரிசிக்குள் தங்கியது. அதைப் பல்லாண்டு உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினால்கூட எலும்பு முறியும் நிலை வந்தது. பெரும்பாலும் பல பிள்ளைகள் பெற்ற தாய்மார்களே அதற்கு ஆளானார்கள். "வலிக்கிறது, வலிக்கிறது" என்று அவர்கள் கதறியதே அந்நோயின் பெயராகிவிட்டது. 1968-இல்தான் அந்நாட்டு அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. அந்த அரிசி கழுவப்படாத அரிசியா? வேகாத சோறா? உலோகத்தைக் கழுவவும் முடியாது, வேகவைத்துக் கொல்லவும் முடியாது. முலாம் பூசும் பட்டறைகளிலும், சில வகைப் பேட்டரிகளிலும், சாயங்களிலும் இந்தக் காட்மியம் உண்டு. கீரை வகைகளோ மற்றக் காய்களைவிட அதை அதிகமாக இழுத்துக்கொள்பவை.

ஜப்பான் வரை போவானேன்? ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் போனால் பாலாற்றங்கரைக்குத்தான் போய்ச் சேருவோம். அதே ஆற்றின் மேல்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு கலந்து, கிணறுகள் உவர்ப்பாகி, நிலம் பாழான வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தோல் ஆலை வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்ற ஆய்வுக் கணக்கு அத்தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அந்த ஆலைகளில் பல நம் சமுதாயத்தாருடையவை. பள்ளிவாசலும் மதரஸாவும் கட்ட வாரி வழங்கிய செல்வர்கள் அவர்களில் உண்டு. நாம் ஓதிய மதரஸாவுக்கும் அவர்களின் கொடை வந்தது. ஆதலால் இதைப் பிறர் குற்றமாக எழுதிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. தண்ணீர்த் துறையை அசுத்தப்படுத்துவோர் சாபத்துக்குரியோர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைக் கேட்டால், வயல்வெளியில் ஒதுங்கும் ஏழை மட்டுமே நம் நினைவுக்கு வருகிறான். பொதுவழியில் அனுமதியின்றிக் குழி வெட்டியவன், அதில் விழுந்தவனுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது பிக்ஹுச் சட்டம். பொதுக் கால்வாயில் கழிவை விடுகிறவன் வெட்டுவதும் குழிதான் என்பது நமது கருத்து.

கழிவுநீருக்கு விமோசனமே இல்லையா? உண்டு. 1978-இல் ஸஊதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை இதை ஆராய்ந்தது. முறையாகச் சுத்திகரித்து, நிறம், ருசி, வாடை எதிலும் நஜீஸின் அடையாளம் எஞ்சாத நீர் தாஹிர் என்றும், அதில் உளூவும் குளிப்பும் கூடும் என்றும் தீர்ப்பளித்தது. ஆயினும் உடல்நலத்தைக் கருதிக் குடிப்பதற்கு மட்டும் தவிர்ப்பது நல்லது என்றது. தாஹிர் வேறு, தீங்கற்றது வேறு என்பதை அந்த உலமாக்கள் எவ்வளவு நுட்பமாகப் பிரித்திருக்கிறார்கள், பாருங்கள். (வாசனை மருந்தை ஊற்றி நாற்றத்தை மறைத்தால் தண்ணீர் சுத்தமாகாது என்பது ஷாபிஈ நூல்களில் உள்ள பழைய சட்டம். கழிவுத் தொட்டியில் பினாயில் கொட்டும் விடுதிக்காரர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

சென்னை கோயம்பேட்டில் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் சாக்கடை நீரை மிக உயர்ந்த முறையில் சுத்திகரிக்கும் நிலையம் 2019-இல் தொடங்கப்பட்டது. அந்த நீர் குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்காகவே கொண்டுவரப்படுகிறது. ஆலைக்கு வரும் சாக்கடை நீர் கண்ணாடிபோல் வருகிறது; கீரைப் பாத்திக்கு வருவதோ அப்படியே வருகிறது. இந்த வேற்றுமையை அந்தந்த ஊர் ஜமாஅத்தார் மற்ற ஊர்மக்களோடு சேர்ந்து ஊராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் எடுத்துச் சொன்னால் தவறா?

பெரியவருக்கு நாம் சொன்னது இதுதான்: "விற்பனை செல்லும், பாய். ஆனா உங்க பேரப் புள்ளைங்களுக்குக் கொடுக்காததைப் பிறத்தியார் புள்ளைங்களுக்கு ஒண்ணுமே சொல்லாம விக்கிறீங்களே!" தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டுபிடித்த வரலாற்றையும் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "கீரைக்கு நாலு நாள் தண்ணி காட்டலேன்னா வாடிப்போகும், ஹஜ்ரத்" என்றார். உண்மைதான்; கடைசி வாரத்துக்கு மட்டுமாவது பக்கத்து நிலத்துப் போர் தண்ணீரைக் கேட்டுப் பார்க்கச் சொன்னோம்.

நான்கு மாதம் கழித்துச் சந்தித்தபோது, கால்வாய் ஓரத்துப் பாதியில் சம்பங்கிப் பூ வைத்திருந்தார். மீதிப் பாதிக்கு மணிக்கு இவ்வளவென்று காசு கொடுத்துப் போர் தண்ணீர் வாங்கிக் கீரை போட்டிருந்தார். வருமானம் முன்பைவிடக் குறைவுதான் என்றார். கூடவே ஒரு புதுக் கேள்வி: கால்வாய் வரப்பில் வளரும் புல்லை மாட்டுக்குப் போட்டால், அந்த மாடு அசுத்தம் தின்னும் ஜல்லாலா ஆகிவிடுமா? ஆகாது, அசுத்தத்தையே தீனியாகத் தின்பதுதான் ஜல்லாலா, புல் அசுத்தமல்ல. ஆயினும் அறுத்த புல்லை வெயிலில் உலர்த்திப் போடுங்கள், கால்வாயில் மாட்டைத் தண்ணீர் காட்டாதீர்கள், பாலைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றோம். பூப்பாத்தியில் இறங்கும்போது காலுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளவும் சொன்னோம். சேற்றில் அது கழன்றுகொள்கிறது என்று சிரித்தார். கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள் என்றோம்.