ஆய்தல்: ஒரு சொல் தரும் பாடம்



“ஆத்தும சோதனை” என்ற சொல்லை நம் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்பிலே மனப்பாடமாய்ச் சொல்லிவிடுகிறார்கள். பொருள் கேட்டாலோ பெரியவர்களும் சற்றுத் தயங்குவார்கள். சோதனை என்றதும் மாணவனுக்குச் சாதாரண தரப் பரீட்சை நினைவுக்கு வருகிறது. நோயாளிக்கு இரத்தப் பரிசோதனை. 2009 வரை நீடித்த யுத்த காலத்தைக் கண்டவர்களுக்கு வீதித் தடையும் அடையாள அட்டையும். இப்படி அந்தச் சொல்லோடு அச்சமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகையால் ஆராய்ந்து பார்ப்பதைக் குறிக்கும் சொற்களையே இந்த வாரம் ஆராய்வோம்.

சோதனை வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குச் சுத்திகரித்தல் என்பதே முதற்பொருள். சுத்தம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். பரீட்சை என்பதும் வடசொல்லே. சுற்றிலும் பார்த்தல் என்பது அதன் பொருள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவன் பரீட்சித்தவன் ஆகான்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். பாவத்துக்கு இழுக்கும் தூண்டுதலையும் நாம் சோதனை என்றே சொல்கிறோம். கிரேக்க மொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆதியாகமம் 22ஆம் அதிகாரம் கடவுள் ஆபிரகாமைச் சோதித்ததாகக் கூறுகிறது, அர்ச். யாகப்பர் தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் ஒருவரையும் சோதிப்பதில்லை என்கிறார். இதில் முரண்பாடு இல்லை. முன்னது பொன்னைப் புடமிடுவது. பின்னது தீமைக்கு இழுப்பது.

இனி நம் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஆய்வு, ஆராய்ச்சி என்பவற்றுக்கெல்லாம் அடி ‘ஆய்’ என்பதே. தொல்காப்பியம் உரியியலில் ஆய்தலை நுணுக்கத்தைக் குறிக்கும் சொற்களோடு சேர்த்துச் சொல்கிறது. திருக்குறளின் 80ஆம் அதிகாரத்துக்கு நட்பாராய்தல் என்று பெயர். ஆனால் இச்சொல் புலவர்களுக்கு மட்டும் உரியதன்று. தாய்மார் கீரை ஆய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பூ ஆய்வார்கள், மாங்காய் ஆய்வார்கள். அழுகலை நீக்கி நல்லதை எடுப்பதும், முற்றியது எது, பிஞ்சு எது என்று பார்த்துப் பறிப்பதும் ஆய்தலே.

பன்வில மலைத்தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் நம் சகோதரிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளி, முற்றல் இலையை விலக்குகிறார்கள். கண்ணும் விரலும் சேர்ந்து ஆய்கின்றன. அவர்களுடைய தொழில் நமக்கு மூன்று பாடங்களைத் தருகிறது.

முதலாவது, கொழுந்தெடுப்பவர் செடியைப் பிடுங்குவதில்லை. அளவுக்கு மீறி இலையை உருவினால் செடியே நலிந்துபோகும். தன் குற்றங்களையே ஓயாமல் கிளறி, மன்னிப்புப் பெற்ற பின்பும் கலங்குகிறவர்கள் உண்டு. அது ஆய்வு அன்று. ஆத்துமத்துக்குச் செய்யும் காயம்.

இரண்டாவது, ஒரு மலையில் ஏறக்குறைய ஏழெட்டு நாளுக்கு ஒரு முறை கொழுந்தெடுக்க வேண்டும். தவறினால் குருத்து முற்றிவிடும். தவக்காலத்தில் மட்டும் மனத்தை ஆராய்பவருக்கும் இதுவே கதி. தை மாதத்தில் அயலவரோடு வந்த சிறு கோபம் அடுத்த தவக்காலத்துக்குள் பகையாக முற்றிவிடுகிறது.

மூன்றாவது, கொழுந்து நிறுவைக்குப் போகிறது. இலத்தீனில் ‘எக்ஸாமென்’ என்ற சொல் தராசின் நாவையும் குறித்தது. அதுவே பின்பு ஆராய்தலுக்கும் பெயராயிற்று. தமிழிலும் சீர்தூக்கிப் பார்த்தல் என்கிறோம். கொழுந்தை நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் நம் நெஞ்சு கொதிக்கிறது; அது நியாயமே. உழைப்பாளியின் கூலியைத் தராசில் குறைப்பதை வேதாகமம் வன்மையாகக் கண்டிக்கிறது. ஆனால் அதே தராசை வீட்டிலும் பிடிக்கிறோமா? மனைவியின் உழைப்பை, பிள்ளையின் முயற்சியை, அயலவரின் நற்பெயரைக் குறைத்து நிறுக்கும் நாக்கு நம்முடையதாய் இருக்கலாம்.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், நன்மை வாங்குமுன் ஒவ்வொருவனும் தன்னைத்தானே சோதித்தறியச் சொல்கிறார். தன்னை என்பதைக் கவனியுங்கள். பிறர் கூடையில் முற்றல் இலை தேடுவது எளிது. அது ஆத்தும சோதனை ஆகாது.

1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற தம் ஞானப் பயிற்சிகள் நூலில் அர்ச். இஞ்ஞாசியார் இதற்கு ஐந்து படிகள் வகுத்தார். முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பின்பு தன்னை அறியும் வரத்துக்கு மன்றாட்டு, மூன்றாவதாக அன்றைய நினைவு, சொல், செயல்களை ஆராய்தல், அப்பால் மன்னிப்பு, கடைசியில் திருந்தும் தீர்மானம். நன்றியே முன்னே நிற்கிறது. நல்லதை எடுக்கத் தெரிந்தவனுக்கே கெட்டதை விலக்கவும் தெரியும்.

ஆகவே, இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், விளக்கை அணைக்குமுன் இரண்டு நிமிடம் மௌனமாயிருங்கள். இன்று கிடைத்த நன்மை என்ன? யாருக்கு நான் குறைத்து நிறுத்தேன்? நாளை அதை எப்படி ஈடுசெய்வேன்? பிள்ளைகளுக்கும் இக்கேள்விகளைச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுடைய பதிலைக் கேட்டுத் தண்டிக்காதீர்கள். சோதனை என்ற சொல்லிலிருந்து அச்சம் நீங்குவதற்கு அதுவே வழி.