அப்பா தூங்கும்போது ஓடவேண்டிய கணினி

என் வகுப்பில் படித்த உயர்நிலை மூன்று மாணவி ஒருத்திக்கு அனிமேஷன் படம் செய்வதில் ஆர்வம். நான்கு நிமிடப் படம் ஒன்றைப் போட்டிக்கு அனுப்பவேண்டும். நொடிக்கு 24 படம் என்றால் நான்கு நிமிடத்துக்கு 5,760 படங்கள். ஒவ்வொன்றையும் கணினி கணக்குப்போட்டு வரைந்தாக வேண்டும். பல இரவுகள் ஓடினால்தான் முடியும். ஆனால் அவர்கள் இருப்பது மூவறை வீவக வீடு. கணினி கூடத்தில் இருக்கிறது. அப்பாவும் கூடத்தில்தான் பாய் விரித்துப் படுப்பார். அவர் பேருந்து ஓட்டுநர். விடியற்காலை நான்கு மணிக்கு எழவேண்டும். பழைய கணினியை இரவில் ஓடவிட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும், நிறுத்தினால் படம் முடியாது.

“சார், வேகமாவும் இருக்கணும், சத்தமும் வரக்கூடாது. முடியுமா?” என்று கேட்டாள்.

முடியும். அதற்கு வேண்டிய அறிவியலில் பெரும்பகுதி உங்கள் இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது.

கணினி ஏன் சத்தம் போடுகிறது? விசிறி சுழல்வதால். விசிறி ஏன் வேகமாகச் சுழல்கிறது? பிராசசர் சூடாவதால். (இந்தக் கட்டுரை முழுவதும் பிராசசர் என்றே எழுதுகிறேன். செயலி என்றால் நீங்கள் கைப்பேசிச் செயலியை நினைத்துக்கொள்வீர்கள்.) ஆகவே சத்தத்தைக் குறைக்க விசிறிக் கடைக்குப் போவதற்கு முன்னால் பிராசசரைப் பற்றி யோசிக்கவேண்டும்.

பிராசசருக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்பிலும் மின்னேற்றம் பெறும், இழக்கும். இதற்குச் செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் துடிப்பு வேகத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். அதனால் வேகம் கொஞ்சம் ஏறினாலே வெப்பம் நிறைய ஏறிவிடும். திருப்பிப் பாருங்கள்: வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வெப்பம் நிறையக் குறையும்.

ஓர் உண்மையான சோடியைப் பார்ப்போம். இன்டெல் 2016இல் வெளியிட்ட சியான் வரிசையில் இ5-2680 வி4 என்று ஒன்று உண்டு. 14 கருக்கள், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், வெப்ப அளவு 120 வாட். அதே குடும்பத்தில் இ5-2650எல் வி4 என்பதற்கும் 14 கருக்கள்தான். வேகம் 1.7 கிகாஹெர்ட்ஸ், வெப்பமோ 65 வாட் மட்டுமே. இரண்டாவதில் இரண்டைப் போட்டால் மொத்தம் 130 வாட், 28 கருக்கள். கரு எண்ணிக்கையை வேகத்தால் பெருக்குங்கள். முதலாவதுக்கு 33.6, இரட்டைக்கு 47.6. ஏறக்குறைய அதே வெப்பத்தில் 1.4 மடங்கு வேலை! நிறுவனங்கள் கழித்துவிட்ட சர்வர்களிலிருந்து வருவதால் இவை செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும்.

வீட்டில் இரட்டை பிராசசர் வைக்கும் ஆசை புதிதல்ல. 1999இல் வந்த ஏபிட் பிபி6 என்ற மதர்போர்டு, விலை குறைந்த இரண்டு செலரான்களைப் பக்கத்துப் பக்கத்தில் பொருத்த இடம் தந்தது. ஆனால் அன்று பல வீடுகளில் இருந்த விண்டோஸ் 98க்கு இரண்டாவது பிராசசரைப் பயன்படுத்தவே தெரியாது! 2005இல் ஒரே சில்லுக்குள் இரண்டு கருக்கள் வந்தன. இன்று உங்கள் கைப்பேசியிலேயே பல கருக்கள் இருக்கின்றன. எனவே நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுப்பாடம் எழுதவும் விளையாடவும் காணொளி பார்க்கவும் இரட்டை பிராசசர் வேண்டவே வேண்டாம். நல்ல பிராசசர் ஒன்று போதும்.

ஏன் என்றால், எல்லா வேலையும் பங்கு போட வராது. மாவு அரைக்கப் பத்துப் பேர் வந்தாலும் அடுப்பில் தோசைக்கல் ஒன்றுதான் என்றால் தோசை வேகமாக வராது, இல்லையா? ஜீன் அம்டால் என்ற கணினி வல்லுநர் 1967இல் முன்வைத்த விதி இதைத்தான் சொல்கிறது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்கமுடியாது என்று வைத்துக்கொள்வோம். 14 கருக்கள் அதை ஒரு கருவைவிட 6.1 மடங்கு வேகமாக முடிக்கும். 28 கருக்கள் போட்டாலும் 7.6 மடங்குதான். அந்த மாணவியின் வேலை இப்படிப்பட்டதல்ல. ஒரு படத்தை வரைய மற்றொரு படம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 5,760 படங்களையும் தாராளமாகப் பங்கு போடலாம். சில மென்பொருள்கள் இதே வேலையை கிராஃபிக்ஸ் கார்டிடம் கொடுத்து இன்னும் சீக்கிரம் முடிக்கும். ஆனால் அவளுடைய காட்சிகள், நாங்கள் வாங்கக்கூடிய கார்டின் நினைவகத்துக்குள் அடங்கவில்லை.

அடுத்தது வெப்பத்தை வெளியேற்றுவது. இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. இணையத்தில் நீங்கள் படிக்கும் சோதனைகள் பல, 20 டிகிரி அறையில் நடந்தவை. சிங்கப்பூரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரிவரை போகும். ஹீட்சிங்க் ஒன்றின் வெப்பத்தடை வாட்டுக்கு 0.3 டிகிரி என்று கொள்வோம். 120 வாட் பிராசசர் அறையைவிட 36 டிகிரி கூடுதலாகச் சூடாகும். அங்கே 56 டிகிரி. 31 டிகிரி இருக்கும் நம் கூடத்தில் 67. அதே ஹீட்சிங்கில் 65 வாட் பிராசசரை வைத்தால் நம் கூடத்திலும் 51 டிகிரிக்குள் அடங்கிவிடும். குளிரூட்டி போடாத வீட்டுக்குக் கணினி தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பத்துப் பதினொரு டிகிரியை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.

விசிறியில் ஒரே விதிதான்: பெரிதாக வாங்கு, மெதுவாகச் சுற்று. 140 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு, 80 மில்லிமீட்டர் விசிறியைப்போல மூன்று மடங்கு. அதனால் அதே காற்றை மிகக் குறைந்த வேகத்தில் தள்ளிவிடும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். ஆனால் 28 டெசிபெல் விசிறி ஒன்றுக்குப் பக்கத்தில் அதேபோல இன்னொன்றை வைத்தால் 56 ஆகாது, 31தான் ஆகும். டெசிபெல் மடக்கை அளவு என்பதால் இப்படி. ஆகவே மெதுவான விசிறி இரண்டு, வேகமான விசிறி ஒன்றைவிடப் பெரும்பாலும் மேல். நான்கு கம்பி உள்ள விசிறியாகப் பார்த்து வாங்குங்கள். அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பு சுமார் 25 கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20க்கு மேல் கேட்காது.

இத்தனையும் வகுப்பில் சொல்லிவிட்டு, ஒரு சனிக்கிழமை தேக்காவில் சாப்பிட்டுவிட்டு மாணவியும் அவள் அப்பாவும் நானும் சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தோம். பத்து நிமிட நடைதான். வழியில் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்த இடத்தை அப்பா காட்டினார். 2017 ஜூலையில் அதை மூடும்வரை வானொலி, கைக்கடிகாரம், கணினிப் பாகம் என்று எல்லாமே அங்கே தரையில் விரித்துக் கிடக்கும்.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். பெட்டியில் பிராசசர் வகை பொருந்துகிறது என்று பார்த்தவுடன் இரண்டு ஹீட்சிங்க் வாங்கிவிட்டேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் திருகுத் துளைகள் சேரவில்லை. இந்த வகை பிராசசருக்கு இரண்டு விதமான பிடிமானம் உண்டு. சதுரமானது 80க்கு 80 மில்லிமீட்டர். இரட்டை மதர்போர்டுகள் பலவற்றில் இருக்கும் ஒடுக்கமானது 56க்கு 94. பெட்டியில் சிறிய எழுத்தில் அது இருந்தது, படிக்காதது நான். மாணவி சிரிக்கவில்லை. அவள் அப்பா சிரித்தார்.

அதற்குப் பிறகு அவளே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வாங்கினாள். பெயரில் ‘இ5’க்குப் பின் வரும் முதல் எண் 2 என்றால் இரண்டைச் சேர்க்கமுடியும், 1 என்றால் தனியாகத்தான் ஓடும். இரட்டை மதர்போர்டு ஏறக்குறைய 30.5க்கு 33 சென்டிமீட்டர் வரை இருக்கும், சாதாரணப் பெட்டிக்குள் நுழையாது. மின்வழங்கியில் பிராசசருக்கான எட்டு முனை இணைப்பு இரண்டு வேண்டும். நினைவகத்தைப் பாதிப் பாதியாக இரண்டு பிராசசருக்கும் பிரித்துப் போடவேண்டும். ஒன்றின் பக்கமே குவித்தால் மற்றது ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டில் கடன் கேட்கவேண்டியிருக்கும். இந்த பிராசசர்களில் திரைக்குப் படம் அனுப்பும் வசதி இல்லை. அதற்கு விசிறியே இல்லாத சிறிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று.

ஆச்சரியமாக, கடைசியில் மிஞ்சிய சத்தம் விசிறியுடையது அல்ல. படங்களைச் சேமிக்கப் பழைய கணினியிலிருந்து எடுத்த வன்தட்டு ஒன்றை வைத்திருந்தோம். நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் நொடிக்கு 120. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு பெட்டிக்கு ஏறி, பெட்டியிலிருந்து மேசைக்கு இறங்கி, மேசையே ‘ம்ம்ம்’ என்று முனகியது. வீணையின் தந்தி தனியாக மெலிதாகத்தான் ஒலிக்கும், பலாமரக் குடம்தான் அதைப் பெரிதாக்கும். இங்கே மேசை குடமாகிவிட்டது. வன்தட்டுக்கு ரப்பர் வளையம், பெட்டியின் காலடியில் பழைய யோகா விரிப்பின் துண்டுகள். முனகல் நின்றது. (1982 முதல் சீகேட் நிறுவனம் இங்கே வன்தட்டு செய்துவந்தது. உங்கள் பாட்டிமார் சிலர்கூட அந்த ஆலைகளில் வேலை பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.)

மின்கட்டணத்தையும் கணக்கிட்டோம். சுவரிலிருந்து 200 வாட், எட்டு மணி நேரம், ஆக 1.6 கிலோவாட் மணி. ஒன்றுக்கு 30 காசு என்றால் இரவுக்கு 48 காசு. அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: கணினி சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது. அவர் சொன்னது வேறு காரணத்துக்காக. எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கும் ஹீட்சிங்கின் இடுக்குகளில் படிந்து தூசியைப் பிடித்துக்கொண்டால் காற்று போகாது, விசிறி வேகமெடுக்கும், மறுபடி சத்தம். மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவிக் காயவைக்கிறாள்.

முதல் நாள் ராத்திரி ஓடவிட்டபோது கூடத்தில் கேட்டது மேல்விசிறியின் சத்தம் மட்டும்தான். இருந்தும் மணி இரண்டுக்கு அப்பா எழுந்துவிட்டார். பெட்டியின் முகப்பில் இருந்த நீல விளக்கு நேராக அவர் கண்ணில் அடித்ததாம். அவரே எழுந்து கறுப்பு டேப் ஒட்டிவிட்டுப் படுத்தார். அதற்குள் 212 படங்கள் முடிந்திருந்தன.