பிக்கப் எதில் அதிகம்? இரண்டு மின்கார்களை ஒப்பிடும் முறை

எந்த மின்கார் விளம்பரத்தை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரம். எந்தக் கார் வலுவானது என்ற கேள்விக்கு அந்த ஒற்றை எண்ணையே பலரும் விடையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வேகமான மின்கார்களில் அந்த எண் டயரின் பிடிமானத்தையும் அளந்த விதத்தையும்தான் பெரும்பாலும் சொல்கிறது. காரின் முழுத் திறனைச் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகம் கூட்டுவது, அதையே சளைக்காமல் திரும்பத் திரும்பச் செய்வது ஆகிய இரண்டையும் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையானது. 2021இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட், 2019இல் அறிமுகமான போர்ஷே டைகான் டர்போ எஸ் ஆகிய இரண்டையும் வைத்து இதைப் படிப்படியாகச் செய்து பார்க்கலாம்.

முதல் வேலை, இரண்டு எண்களையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது. டெஸ்லா அறிவித்தது 1.99 விநாடி, போர்ஷே அறிவித்தது 2.8 விநாடி. இரண்டையும் கழித்து 0.8 விநாடி வித்தியாசம் என்று முடித்துவிடக் கூடாது. டெஸ்லாவின் கணக்கு 60 மைல் வரை, அதாவது மணிக்கு 96.6 கி.மீ. வரைதான். அதோடு, அமெரிக்க டிராக் பந்தய வழக்கப்படி முதல் ஓர் அடி தூரம் நகரும் நேரத்தை அந்நிறுவனம் கழித்துவிடுகிறது. இவ்வளவு வேகமான காருக்கு அந்த ஓர் அடி ஏறத்தாழ கால் விநாடி. தரையும் முக்கியம்: மோட்டார் டிரெண்ட் இதழ் 2021இல் இதே காரைச் சோதித்தபோது, ஒட்டும் பசை பூசிய பந்தயத் தரையில் 1.98 விநாடியும் சாதாரணத் தார்த் தரையில் 2.07 விநாடியும் வந்தன. தொடக்கப் புள்ளி, இறுதி வேகம், தரை ஆகிய மூன்றும் ஒன்றாக இல்லாத எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கவே வேண்டாம்.

அடுத்து, அந்த நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: 0 முதல் 50, 50 முதல் 100, முடிந்தால் 100 முதல் 200. 2.8 விநாடியில் 100 கி.மீ. வேகம் என்றால், சராசரி முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம். சாலை டயர்களின் பிடிமான எல்லையும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. அந்த எல்லையைத் தொட்ட பிறகு இன்னும் பெரிய மோட்டார் வைத்தாலும் தொடக்கத்தில் சக்கரம் வழுக்குமே தவிர, கார் முன்னேறாது. மோட்டாரின் உண்மையான வலு வேகம் ஏறிய பிறகுதான் வெளிப்படும். டைகான் 200 கி.மீ. வேகத்தை எட்ட 9.8 விநாடி எடுத்துக்கொள்கிறது; அதாவது 100இலிருந்து 200க்கு 7 விநாடி. டெஸ்லாவோ கால் மைல் தூரத்தை 9.23 விநாடியில் கடந்து, முடிவில் மணிக்கு 155 மைல், ஏறத்தாழ 250 கி.மீ. வேகத்தில் இருக்கும் என்கிறது அந்நிறுவனம். கழித்த கால் விநாடியைத் திரும்பச் சேர்த்தாலும் இடைவெளி பெரியது. காரணம் எளிது. டெஸ்லாவின் திறன் 1,020 குதிரைத்திறன், சுமார் 760 கிலோவாட். டைகானின் 560 கிலோவாட், நின்ற நிலையிலிருந்து முழு வலுவோடு கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோலில் சிறிது நேரத்துக்கு மட்டுமே கிடைப்பது. வழக்கமான திறன் 460 கிலோவாட். திறனை எடையால் வகுத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டத்தில் உதவும் கணக்கு.

விற்பனையாளர்கள் அழுத்திச் சொல்லும் டார்க் (முறுக்குவிசை) எண்ணை இங்கே ஒதுக்கிவைக்கலாம். மஹிந்திரா எக்ஸ்யூவி400 காரின் டார்க் 310 நியூட்டன் மீட்டர். 2023இல் புதுப்பிக்கப்பட்ட டாடா நெக்ஸான் இவி லாங் ரேஞ்சில் 215 மட்டுமே. ஆனால் நிறுவனங்கள் சொல்லும் 0–100 நேரம் 8.3, 8.9 விநாடிகள். டார்க்கில் 44 சதவீத வித்தியாசம், நேரத்தில் 7 சதவீதம்கூட இல்லை. மோட்டாரின் டார்க் கியர் விகிதத்தால் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகிறது. கியர் விகிதம் தெரியாமல் டார்க்கை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டு கார்களின் திறனும் 110, 106 கிலோவாட் என்று அருகருகே இருப்பதே நேரங்கள் நெருங்கியிருக்க முக்கியக் காரணம்.

மூன்றாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: திரும்பச் செய்து பார்ப்பது. பேட்டரியில் சார்ஜ் குறையக் குறைய அதன் மின்னழுத்தமும் இறங்கும், தரக்கூடிய திறனும் இறங்கும். குளிர்ந்த பேட்டரியும் முழு வலுவைத் தராது. மிகவும் சூடானாலும் காரே திறனைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்லாவின் டிராக் ஸ்ட்ரிப் மோடு, ஓட்டத்துக்கு முன் பல நிமிடங்கள் பேட்டரியையும் மோட்டாரையும் பக்குவப்படுத்துவது இதனால்தான். போர்ஷே 2019இல் விற்பனைக்கு முந்தைய டைகான் ஒன்றை ஜெர்மனியின் லார் விமானத் தளத்தில் 0 முதல் 200 வரை தொடர்ந்து 26 முறை ஓட்டியது. மிக வேகமான ஓட்டத்துக்கும் மிக மெதுவான ஓட்டத்துக்கும் இடையே வித்தியாசம் 0.8 விநாடிதான் என்று அறிவித்தது. நிறுவனமே நடத்திய சோதனை என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனால் அது கேட்ட கேள்வி சரியானது. ஒவ்வொரு காரையும் 80 சதவீத சார்ஜிலும் 30 சதவீத சார்ஜிலும் குறைந்தது ஐந்து முறை ஓட்டி, மிக நல்ல நேரத்தை விட்டுவிட்டு, நடுவில் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எதற்கு, பந்தயத் தடத்தில் ஒரு சுற்று நேரம் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். நூர்பர்க்ரிங் தடத்தின் முழுச் சுற்றுக்கு டெஸ்லா 2021இல் 7 நிமிடம் 35.6 விநாடி எடுத்தது. டைகான் டர்போ எஸ் 2022இல் 7 நிமிடம் 33.35 விநாடி. எடைக்கு ஏற்ற திறனில் அவ்வளவு முந்தியிருந்த கார், சுற்று நேரத்தில் இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கியது. 2023இல் டெஸ்லா செராமிக் பிரேக், புதிய சக்கரம், டயர் அடங்கிய தொகுப்போடு வந்து 7 நிமிடம் 25.2 விநாடியில் முடித்தது. பிரேக்கும் டயரும் எவ்வளவு முக்கியம் என்று சுற்று நேரம் காட்டுகிறது, மறுக்க முடியாது. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து காட்டுகிறது. எது எங்கே முந்தியது என்று தெரிய, 100இலிருந்து நிற்கும் தூரத்தைத் தனியாக அளக்கத்தான் வேண்டும்.

அன்றாடச் சாலையில் ஓட்டுபவருக்கு இதெல்லாம் பொருந்தாது என்ற வாதத்தில் பாதி நியாயம் உண்டு. 200 கி.மீ. வேகம் அவருக்குத் தேவையில்லை. லாரியை முந்த 60இலிருந்து 100க்குப் போகும் நேரம் தேவை, அதுவும் குடும்பத்தோடும் ஏசியோடும். எனவே அந்தச் சோதனையை முதன்மையாக்குங்கள். இரண்டு கார்களிலும் ஒரே எடை, டயரில் நிறுவனம் சொன்ன காற்றழுத்தம், ஒரே டிரைவ் மோடு இருக்கட்டும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைச் சற்றுக் கூட்டியே காட்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ் பொதுவாக விநாடிக்கு ஒருமுறைதான் அளக்கும். விநாடிக்குப் பத்து முறையாவது அளக்கும் தனிக் கருவியைப் பயன்படுத்துங்கள். காற்றும் சரிவும் கணக்கைக் கெடுக்காதிருக்க, இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். பொதுச் சாலையில் இதைச் செய்யவே கூடாது. தமிழ்நாட்டில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை அருகே செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன, முன் அனுமதி பெற்று அப்படி ஓரிடத்தில் ஓட்டுங்கள்.