கார்பன் இழை பானெட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

மோட்டார் வண்டியில் எஞ்சினை மூடி நிற்கும் தகட்டைப் பானெட் என்று வழங்குகிறோம். விரைவுக் கார்களை உடையோர் பலர், தொழிற்சாலை பொருத்திய பானெட்டை அகற்றிவிட்டு, பிற நிறுவனங்கள் செய்து விற்கும் கார்பன் இழை பானெட்டைப் பொருத்த விழைகின்றனர். வெளியே தெரியும் கருநிற நெசவின் அழகே அவர்களை முதலில் ஈர்க்கின்றது. ஆயினும், பானெட்டின் தகுதி அதன் மேற்பரப்பில் இல்லை. உள்ளமைப்பிலும் பூட்டு பொருந்தும் இடத்திலுமே உள்ளது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளின் இயல்பு

கார்பன் இழை ஒவ்வொன்றும் 5 முதல் 7 மைக்ரான் வரை குறுக்களவு உடையது. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்துத் துணியாக நெய்து, அதில் இப்பாக்சி போன்ற பிசினை ஊட்டி இறுகச் செய்தால் உறுதியான தகடு கிடைக்கும். இழை வலிமையைத் தருகின்றது. பிசின் இழைகளை அவற்றின் இடத்தில் நிறுத்துகின்றது. 1981ஆம் ஆண்டில் மக்லாரன் நிறுவனத்தின் எம்.பி.4/1 என்ற பந்தயக் கார், இப்பொருளாலான உடற்கூட்டுடன் களமிறங்கியது. 2000ஆம் ஆண்டில் நிஸான் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.டி.-ஆர். வி-ஸ்பெக் 2 என்ற காரில், கார்பன் இழை பானெட்டைத் தொழிற்சாலையே பொருத்தியது.

எடைக் கணக்கு

எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், கார்பன் இழைத் தகட்டின் அடர்த்தி ஏறக்குறைய 1.55 கிராம். இதனைக் கொண்டு எடை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் என்று கருதுவது பிழை. நெய்த கார்பன் தகட்டின் விறைப்பு எஃகைவிடக் குறைவாதலால், அதே விறைப்பைப் பெறத் தகட்டைத் தடிப்பாக்க வேண்டும். 0.7 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டிற்கு ஈடாகச் சுமார் 1.1 மில்லிமீட்டர் கார்பன் தகடு வேண்டும். அப்போது ஒரு சதுர மீட்டரின் எடை, எஃகில் 5.5 கிலோகிராமும் கார்பனில் 1.7 கிலோகிராமும் ஆகும். அதே விறைப்புள்ள அலுமினியத் தகட்டின் எடை சுமார் 2.7 கிலோகிராம். ஆகவே, தங்கள் காரின் பானெட் முன்னரே அலுமினியத்தால் ஆனதாயின், எடையில் கிடைக்கும் ஆதாயம் சிறிதே என்பதை வாசகர்கள் உணர்தல் வேண்டும்.

செய்முறை வகைகள்

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூவகைப்படும். முதல் வகையில், கண்ணாடியிழைத் தகட்டின்மீது ஒரே ஒரு கார்பன் துணி ஒட்டப்பட்டிருக்கும். இது தோற்றத்திற்கு மட்டுமே. இரண்டாம் வகையில், கார்பன் துணிகளை அச்சில் அடுக்கிப் பிசினைக் கையாலோ வெற்றிட உறிஞ்சலாலோ ஊட்டுவர். மூன்றாம் வகையில், அளவாகப் பிசின் ஊட்டிய துணியை அடுக்கி, அழுத்தமும் வெப்பமும் கூடிய கலத்தில் இறுகச் செய்வர். இம்முறையில் பிசின் மிகாது, காற்றுக் குமிழிகளும் குறையும், விலையோ மிகுதி. மேற்பரப்பைக் கண்டு இம்மூன்றையும் வேறுபடுத்த இயலாது. பானெட்டைத் திருப்பி அடிப்புறத்தை நோக்குக; எடைபோட்டுப் பார்க்க; நாணயத்தால் மெல்லத் தட்டிச் செல்க. ஒலி திடீரென மழுங்கும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும்.

பூட்டும் கீலும்

உயிருக்கு ஊறு விளையக்கூடிய இடம் இதுவே. மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில், எதிர்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோகிராம் எடைக்குச் சமம். விரைவு இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். பூட்டுக் கொக்கி பிசினிலிருந்து பெயர்ந்துவிடின், பின்புறம் கீல் கொண்ட பானெட் மேலெழும்பி முன்கண்ணாடியை மறைத்துவிடும். எனவே, கொக்கியும் கீல்களும் பொருந்தும் இடங்களில் உலோகத் தகடு பதிக்கப்பட்டு, சுற்றிலும் அடுக்குகள் மிகுதியாக இடப்பட்டிருத்தல் இன்றியமையாதது. பந்தயக் கார்களில் உள்ளவாறு துணைப் பூட்டு ஊசிகளையும் பொருத்துதல் நலம். ஈரம் படும் இடத்தில் கார்பன் அலுமினியத்தைத் தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே, இடையில் கண்ணாடியிழை அடுக்கு வேண்டும். கனமான பானெட்டிற்கென அமைந்த வாயு முட்டுக்கோல்கள் இலேசான பானெட்டை வளைத்துவிடுமாதலால், அவற்றையும் மாற்றுதல் வேண்டும்.

வெப்பமும் வெயிலும்

எஞ்சினின் வெப்பம் கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் தாக்குகின்றன. சாதாரண அறை வெப்பத்தில் இறுகிய பிசின், 60 அல்லது 70 டிகிரி சென்டிகிரேடில் இளகத் தொடங்கக்கூடும். அப்போது பானெட் உருக்குலையும். உலையில் இறுகச் செய்த பிசினே ஏற்றது. புற ஊதாக் கதிர்களால் பிசின் மஞ்சளாவதைத் தடுக்க, அக்கதிர்களைத் தாங்கும் தெளிபூச்சு தேவை.

சாலையும் சட்டமும்

மோதலின்போது எஃகுத் தகடு நசுங்கி விசையை ஏற்கின்றது. கார்பன் தகடோ முறிந்து சிதறுகின்றது. பாதசாரியின் தலை பானெட்டில் மோதக்கூடும் என்பதையும் கருதியே தொழிற்சாலையில் பானெட்டை வடிவமைக்கின்றனர். வெளியில் வாங்கிய பானெட் அச்சோதனைக்கு உட்பட்டது என்று கொள்ளுதற்கில்லை. மேலும், இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கின்றது. ஆதலால், வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்பீட்டு நிறுவனத்தையும் வினவுதல் கடமையாகும்.

சுருங்கக் கூறின், எவ்வாறு இறுகச் செய்யப்பட்டது, எத்தனை அடுக்குகள், பூட்டு எதில் பதிந்துள்ளது என்னும் மூன்று வினாக்களுக்கும் தெளிவாக விடையளிக்கும் விற்பனையாளரிடமே பானெட்டை வாங்குக. விடை கிட்டாவிடில், பழைய எஃகு பானெட்டே சிறந்தது.