ஸ்காபரோ கூரைக்கு எந்த அன்ரனா?

ரொறன்ரோவில் மாதாமாதம் கேபிளுக்குக் காசு கட்டும் பல வீடுகளுக்கு இது தெரியாது: சி.பி.சி., சி.ரி.வி., குளோபல், சிற்றி, ரி.வி.ஓ., இரண்டு ஒம்னி அலைவரிசைகள் ஆகிய அனைத்தும் சி.என். கோபுரத்திலிருந்து இலவசமாக ஒளிபரப்பாகின்றன. 2011 ஆகஸ்ட் 31-இல் கனடாவின் பெருநகரங்களில் அனலொக் ஒளிபரப்பு நின்றது. அதன் பிறகு கூரையில் வந்திறங்குவது புள்ளி விழாத டிஜிட்டல் படம். ஒன்ராறியோ வாவிக்கு அப்பாலுள்ள பஃபலோ நிலையங்களும் எட்டாத தூரத்தில் இல்லை. கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு மரச்சட்டம், ஒரு பிற்பகல் இருந்தால் அன்ரனாவை வீட்டிலேயே செய்துவிடலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: முழுநேரத் தமிழ் அலைவரிசை எதுவும் இப்படி வருவதில்லை. செய்தி, சிறுவர் நிகழ்ச்சி, அமெரிக்கக் கால்பந்து பார்க்கிற வீட்டுக்குத்தான் இந்த வேலை.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் வரைபடத்தை எடுங்கள். ஸ்காபரோவிலிருந்து சி.என். கோபுரம் தென்மேற்கே, இருபது கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது. பஃபலோ பக்கத்து பி.பி.எஸ்., ஃபொக்ஸ் கோபுரங்கள் கிராண்ட் ஐலண்டில், தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே திரும்பி, 80, 90 கிலோமீற்றரில் நிற்கின்றன. சி.பி.எஸ்., ஏ.பி.சி., என்.பி.சி. மூன்றும் பஃபலோவுக்கும் தெற்கே, 120 கிலோமீற்றருக்கு மேல். தூரம் அதிகம்தான். ஆனால் வழியில் கணிசமான பகுதி வாவிதான், அங்கே குறுக்கே கட்டடமோ குன்றோ இல்லை. வாவிப் பக்கம் திறந்த கூரை இருந்தால் முயன்று பார்க்கலாம். உயர்ந்த கட்டடங்கள் மறைத்தால் பஃபலோவை மறந்துவிடுவதே நல்லது.

கோபுரம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இரட்டைச் சதுர அன்ரனாவைச் சொல்வேன். ஒரே கம்பியைப் பக்கத்துக்கு ஐந்தரை அங்குலமாக எட்டு முறை மடக்கினால் மூலைக்கு மூலை தொடும் இரண்டு சதுரங்கள் கிடைக்கும். கேபிளின் நடுக்கம்பியை நடுச்சந்தியின் ஒரு பக்கத்திலும், மேலுறை வலையை மறுபக்கத்திலும் பற்றவைத்து, பின்னால் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஒரு கம்பிவலையை நிறுத்தினால் வேலை முடிந்தது. சதுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, எட்டு என்ற இலக்கம் நிற்பதுபோல நிற்க வேண்டும். இங்குள்ள ஒளிபரப்பு அலைகள் கிடைமட்டமானவை, பக்கவாட்டில் படுக்கவைத்தால் சமிக்ஞை பெரிதும் குறையும். பால்கனிக்கு இது அளவாக அடங்கும். கண்ணாடிக்கு உள்ளே வைப்பதென்றால் முதலில் சோதித்துப் பாருங்கள். புதிய கண்டோக்களின் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், அது அலையையும் தடுத்துவிடும்.

பஃபலோவும் வேண்டுமென்றால் நான்கு அடுக்கு போ-டை அன்ரனாதான். சட்டை மாட்டும் கம்பிகளை வளைத்துச் செய்வார்களே, அதேதான். மூன்றடி மரச்சட்டத்தில் ஒன்பதரை அங்குல இடைவெளியில் நான்கு அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் இடமும் வலமுமாக இரண்டு ‘வி’ வடிவக் கம்பிகள், கை ஒன்று பத்து அங்குலம், நுனிகளுக்கிடையே மூன்று, நான்கு அங்குலம். அடுக்குகளை இணைக்கும் இரு நெடுங்கம்பிகளும் முதலாம், இரண்டாம் அடுக்குகளுக்கு நடுவிலும், மூன்றாம், நான்காம் அடுக்குகளுக்கு நடுவிலும் குறுக்கே மாறிச் செல்ல வேண்டும். மாறும் இடத்தில் ஒன்றையொன்று தொடவே கூடாது. சட்டத்தின் மத்தியில் 300 ஓமை 75 ஓமாக்கும் பேலன் ஒன்றைப் பூட்டி, அங்கிருந்து ஆர்.ஜி.-6 கேபிளை இறக்குங்கள். நாலைந்து அங்குலம் பின்னால் அரை அங்குலக் கண் வலை.

அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புழக்கத்தில் உள்ள பழைய வரைபடங்கள் கை ஏழு அங்குலம் என்று சொல்லும். யு.எச்.எஃப். ஒளிபரப்பு 806 மெகாஹேர்ட்ஸ் வரை போன காலத்து அளவு அது. மேற்பகுதியைக் கைப்பேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்ட பிறகு தொலைக்காட்சிக்கு மிஞ்சியது 470 முதல் 608 வரைதான். அதிர்வெண் இறங்கினால் அலை நீளும், கம்பியும் நீள வேண்டும். ஆகவே வரைபடத்தின் அழகைவிட அது எந்த ஆண்டினது என்று பாருங்கள்.

போ-டையை விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. அதன் பார்வை அகலமானது. பஃபலோவை நோக்கித் திருப்பிவைத்தாலும், பக்கத்திலேயே நிற்கும் கோபுரத்தின் பலமான சமிக்ஞை ஓரமாக உள்ளே வந்துவிடும். இரண்டு அன்ரனா, சுழற்றும் மோட்டார் என்ற செலவு மிச்சம்.

அமெரிக்கரான டொய்ற் ஹோவர்மன் 1959-இலும் 1964-இலும் காப்புரிமை பெற்ற வளைநெளி வடிவத்தைத் தன்னார்வலர்கள் மேம்படுத்தி, கிரே-ஹோவர்மன் என்ற பெயரில் யாரும் இலவசமாகச் செய்துகொள்ளும்படி 2008-இல் வெளியிட்டார்கள். அருமையான உழைப்பு. ஆனால் ஒவ்வொரு மடிப்பும் கோணம் பிசகாமல் வர வேண்டும், அதற்கேற்ற கூடுதல் பலன் இங்கே கிடைப்பதில்லை. முதல் அன்ரனாவாக அதைத் தொடாதீர்கள். விநோதக் கோலங்களாக வெட்டிய காகிதத் தகடு அன்ரனாக்களுக்கு நேரத்தையே செலவிட வேண்டாம்.

சி.ரி.வி. மட்டும் தனி வழக்கு. அது மேல் வி.எச்.எஃப். பகுதியில் வருவதால் மேலே சொன்ன எந்த வடிவமும் அதற்குப் பொருத்தமான அளவல்ல. கோபுரத்துக்கு அருகில் இருந்தால் எப்படியும் வந்துவிடும். வராவிட்டால் பதினைந்து அங்குலக் கம்பிகள் இரண்டை ஒரே நேர்கோட்டில் நீட்டி ஓர் இருமுனை அன்ரனா செய்து, வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். இணைப்பான் வழியாகச் சேர்த்துவிடுங்கள்.

கடையில் எல்லோரும் பெருக்கி வாங்கச் சொல்வார்கள். கோபுரத்துக்கு இத்தனை அருகில் அது பெரும்பாலும் கெடுதலே செய்யும்: வலுவான சமிக்ஞையில் பெருக்கி திணறிப்போய், வந்துகொண்டிருந்த பஃபலோவும் போய்விடும். நூறடி ஆர்.ஜி.-6 கேபிள் யு.எச்.எஃப். சமிக்ஞையின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்குகிறது. ஆகவே கேபிளைச் சுருக்குவதும், அன்ரனாவைச் சில அடி உயர்த்துவதும்தான் முதல் மருத்துவம். நீண்ட கேபிள் தவிர்க்க முடியாதது என்றால் மட்டும் குறைந்த பெருக்கமுள்ள ஒன்றைக் கம்பத்திலேயே பூட்டுங்கள்.

கண்டோவில் இருப்பவர்கள் பால்கனிக்கு வெளியே எதையும் நீட்டும் முன் நிர்வாகசபையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தனிவீட்டுக்காரர்கள் கம்பத்தையும் கேபிளையும் நில இணைப்புச் செய்யுங்கள். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி எந்தப் பக்கம் என்று பார்த்து, கம்பம் முழு நீளத்துக்குச் சாய்ந்து விழுந்தாலும் அதைத் தொடாத இடத்திலேயே நாட்டுங்கள். அப்படி இடம் இல்லாத கூரை என்றால் ஏற வேண்டாம், மேல்மாடத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.