நினைவகத்தைக் கூட்டினால் வேலை விரையுமா?

நமது நெசவாளர் சங்கங்களிற் சில இக்காலத்தில் சேலை, வேட்டி, துண்டு முதலியவற்றை வீடியோப் படமாக எடுத்து, கைப்பேசி வாயிலாக வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டி விற்று வருகின்றன. மஞ்சளும் வெல்லமும் விற்கும் விவசாயிகள் சங்கங்களும் இம்முறையைக் கைக்கொள்ளத் தொடங்கியுள்ளன. எடுத்த படத்தை வெட்டி ஒட்டி, விலையும் விவரமும் சேர்த்து முடிக்கும் வேலை பெரும்பாலும் சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலேயே நடைபெறுகிறது. அது தடுமாறத் தொடங்கியதும் நிர்வாகக் குழுவின் முன் வருகின்ற தீர்மானம் ஒன்றே: “ராம் கூட்ட வேண்டும்.” இத்தீர்மானம் எப்போது தக்கது, எப்போது வீண் செலவு என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறியதைக் கருதினால், இங்கு நேரும் பிழை சிறு பிழையன்று.

ராம் என்று கடைக்காரர் கூறும் நினைவகம் யாது? தறிக்குழியில் அமர்ந்து நெய்பவரை நினைத்துக் கொள்வோம். அவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கூடை. அதில் தார் சுற்றிய குச்சிகள். மீதி நூல் உள்ளறையில் இருக்கிறது. கூடை மிகச் சிறிதாயின், சிறிது நெய்வதற்குள் எழுந்து உள்ளே போய்வர நேரும். நாடா ஓடும் நேரத்தினும் நடக்கும் நேரம் மிகுந்துவிடும். கூடையைப் பெரிதாக்கினால் அந்த நடை மிச்சமாகும். ஆனால் அன்றைய நெசவுக்குப் போதிய தார் ஏற்கெனவே கூடையில் இருக்குமாயின், அதனினும் பெரிய கூடையை வைப்பதனால் நெய்பவர் கை விரைந்து ஓடுமோ? நினைவகம் அக்கூடை; டிஸ்க் உள்ளறை; பிராசசரும் கிராபிக்ஸ் பகுதியும் நெய்கின்ற கை.

அந்த நடை எத்துணை நீண்டது என்பதைக் கணக்கால் அறியலாம். ஃபோர்-கே எனப்படும் அளவில் ஒரு பிரேமின் அகலம் 3840 புள்ளி, உயரம் 2160 புள்ளி. ஆக 82,94,400 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 4 பைட் என்று கொண்டால் ஒரே பிரேமுக்கு ஏறத்தாழ 33 மெகாபைட் ஆகிறது. விநாடிக்கு 25 பிரேம் ஓடினால் 830 மெகாபைட். பத்து விநாடிக்கு 8 ஜிகாபைட்டுக்கு மேல்! ஆகவே படம் முழுவதையும் விரித்து நினைவகத்தில் வைக்கலாம் என எவரும் கருத வேண்டா. செயலி அப்போதைக்கு வேண்டிய பிரேம்களை மாத்திரம் அங்கே வைத்துக் கொள்கிறது. அதற்கும் இடமில்லாதபோது டிஸ்கை நாடுகிறது. சாதாரண ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் அளவே தரவல்லது. டிடிஆர்4 வகை நினைவகப் பலகை இரண்டு சேர்ந்து 3200 வேகத்தில் இயங்கினால் 51 ஜிகாபைட் வரை செல்லும். கூடைக்கும் உள்ளறைக்கும் உள்ள தூரம் இதுவே.

நமது பார்வையில் உள்ள ஒரு சங்கத்தில் 8 ஜிகாபைட் நினைவகமே இருந்தது. விண்டோஸும், திறந்து கிடந்த இணையப் பக்கங்களும், கணக்குச் செயலியும் அதிற் பாதியை உண்டுவிட, வீடியோ வேலைக்கு எஞ்சியது சொற்பம். 16 ஆக்கியதும் கண்கூடாக வேலை விரைந்தது. இடையில் நின்று நின்று ஓடிய படம் தொடர்ந்து ஓடிற்று. பிரீமியர் புரோ என்னும் செயலியை வெளியிடும் அடோபி நிறுவனமும் எச்.டி. படத்துக்கு 16, ஃபோர்-கே படத்துக்கு 32 அல்லது அதற்கு மேல் என்றே பரிந்துரைத்துள்ளது.

இந்த அனுபவமே நம்மைத் தவறச் செய்தது. வேறொரு சங்கத்தில் 16-ஐ 32 ஆக்கும் தீர்மானம் வந்தபோது, முன்னர்க் கண்ட பலனை எண்ணி, சோதித்துப் பாராமலே நாம் உடன்பட்டோம். பலகைகள் வந்தன, பட்டியலுக்குப் பணமும் செலுத்தப்பட்டது. படமோ முன்போலவே திக்கித் திக்கி ஓடிற்று. காரியதரிசி நம்மை அழைத்துக் காட்டினார். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 32-இல் 11 ஜிகாபைட் மாத்திரமே செலவாகிக் கொண்டிருந்தது. பிராசசரோ நூற்றுக்கு நூறு என நின்றது. வாங்குமுன் செய்திருக்க வேண்டிய இச்சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

காரணம் படம் எடுத்த முறையில் இருந்தது. கைப்பேசி எச்.265 முறையில் பதிவு செய்கிறது. இதில் ஒவ்வொரு பிரேமும் முழுமையாக எழுதப்படுவதில்லை. இடையிடையே ஒன்றை முழுமையாக எழுதி, மற்றவற்றில் முன்பின் உள்ளவற்றிலிருந்து மாறிய பகுதியை மாத்திரம் குறித்துச் செல்கிறது. பேரேட்டில் இருப்புத் தொகையை எழுதாமல் வரவு செலவை மாத்திரம் எழுதி வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். ஒரு நாளின் இருப்பை அறிய, கடைசியாக இருப்புக் கட்டிய நாளிலிருந்து கூட்டிக்கொண்டு வரவேண்டும். இடம் மிச்சம், உழைப்பு அதிகம். இவ்வுழைப்பு பிராசசருடையது, அல்லது இதற்கென அமைந்த கிராபிக்ஸ் பகுதியினுடையது. பழைய இயந்திரங்கள் சிலவற்றில் அப்பகுதி இம்முறையை அறியாது.

பரிகாரம் செலவில்லாததாகவே அமைந்தது. செயலியிலேயே உள்ள பிராக்சி வசதியைக் கொண்டு ஒவ்வொரு படத்துக்கும் எளிதில் விரியும் சிறு நகல் எடுத்து, வெட்டும் வேலையை நகலில் செய்தனர். முடிவில் வெளியிடும்போது செயலி மூலப்படத்தையே எடுத்துக் கொள்கிறது. யுஎஸ்பி ஹார்டு டிஸ்கில் கிடந்த படங்களை உள்ளே இருந்த எஸ்எஸ்டிக்கு மாற்றினர். கைப்பேசித் திரையில் பார்ப்பதற்கான சேலைப் படத்தை ஃபோர்-கே அளவில் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லையென்று கண்டு, எச்.டி. அளவுக்குக் குறைத்தனர்.

இரண்டு விலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத கம்ப்யூட்டரில் ஒரே பலகை இருந்தால், இணையான இன்னொன்றைச் சேர்ப்பதால் அளவு மாத்திரமின்றிப் பாதையும் இரட்டிப்பாகிறது. அங்கு ஓரளவு வேகம் கூடுவதுண்டு. ஆப்டர் எபெக்ட்ஸ் போன்ற செயலிகள் கணக்கிட்ட பிரேம்களை நினைவகத்தில் சேமித்து ஓட்டிக் காட்டுவன. அவற்றின் பழைய பதிப்புகளில் இடம் கூடக் கூட ஓடும் பகுதியும் நீண்டது. மற்றபடி டிடிஆர்4 பலகை டிடிஆர்5 இடத்தில் பொருந்தாது என்பதையும், சில மடிக்கணினிகளில் நினைவகம் பற்றவைக்கப்பட்டிருப்பதால் கூட்டவே இயலாது என்பதையும் பட்டியல் கோருமுன் பார்த்துக் கொள்க.

மேற்படி இரண்டாம் சங்கத்தின் பலகைகள் இன்றும் அந்த இயந்திரத்திலேயே இருக்கின்றன. இருப்புப் பதிவேட்டிலும் ஏறியுள்ளன. இச்செலவைக் குறித்து ஆய்வுக் குறிப்பில் எழுத வேண்டியதாயிற்று. தீர்மானத்துக்கு உடன்பட்டவர் யார் என்னுமிடத்தில் நமது பெயரையே எழுதினோம்.